சிந்து 712: ஆட்சி மாறியது, கணக்குப்பிள்ளை மாறவில்லை



சிந்து மீதான அரபுப் படையெடுப்பைப் பற்றி இரண்டு கதைகள் நம் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஒன்று இந்துத்துவ மேடைகளில் சொல்லப்படுவது: 712இல் அந்நியன் வந்தான், எல்லோரையும் ஒன்றுபோல் வதைத்தான். மற்றொன்று நம்மைப் போன்றோர் மேடைகளில் ஒலிப்பது: சமத்துவ மார்க்கம் வந்தது, சாதிக்கட்டு அவிழ்ந்தது. முதல் கதைக்கு மறுப்பாக இரண்டாவதை எடுத்து நீட்டுவது எளிது. இந்த நினைவுச் சொற்பொழிவில் இரண்டையும் ஒதுக்கிவிட்டு வேறொரு கேள்வியைக் கேட்கிறோம். புதிய அரசு வந்த பிறகு, கடைநிலை மக்களின் வாசலுக்கு வரி வாங்க வந்தவர் யார்?

போர்ச் செய்தியைச் சுருக்கமாகவே சொல்கிறோம். ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் பின் யூசுப் அனுப்பிய படை, இளம் தளபதி முகம்மது பின் காசிமின் தலைமையில் தேபல் துறைமுகத்தைக் கல்லெறி பொறிகொண்டு தகர்த்தது. மூன்று நாள் படுகொலை நடந்தது என்று ஒன்பதாம் நூற்றாண்டு அரபு வரலாற்றாசிரியர் அல்-பலாதுரியே எழுதுகிறார். இதை யாரும் மறைக்க வேண்டியதில்லை. நிரூன் நகரம் போரின்றி உடன்பட்டது. அரசர் தாஹிர் களத்தில் இறந்தார்.

தாஹிரின் தந்தை சச் ஒரு பார்ப்பனர். அரண்மனைச் செயலராக இருந்து அரியணையைப் பிடித்தவர். அதே ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங், சிந்துவின் அரசர் சூத்திரர், பௌத்தர் என்று எழுதினார். ஆற்றோரச் சதுப்பு நிலங்களில் மாடு மேய்த்து வாழ்ந்த பெருந்திரளான மக்களையும் குறிப்பிட்டார். மேய்ச்சல் மக்களான ஜாட்டுகளுக்கும் லோகாணாக்களுக்கும் சச் போட்ட விதிகளைச் 'சச்நாமா' என்ற பாரசீக நூல் பட்டியலிடுகிறது. பட்டு உடுத்தக் கூடாது. தலையை மூடக் கூடாது. காலில் எதுவும் அணியக் கூடாது. குதிரைக்குச் சேணம் போடக் கூடாது. வெளியே போகும்போது நாயைக் கூட்டிச் செல்ல வேண்டும், தூரத்திலேயே அடையாளம் தெரிவதற்காக. ஆளுநரின் சமையற்கட்டுக்கு விறகு சுமக்க வேண்டும். தோளில் போட வேண்டிய துண்டை இடுப்பில் கட்டியவர்களின், செருப்பைக் கையில் தூக்கி நடந்தவர்களின் பிள்ளைகள் நாம். இதற்கு விளக்கவுரை தேவையில்லை. (இன்று பஞ்சாபில் நிலமும் டிராக்டருமாக இருக்கும் ஜாட்டுகளை வைத்து இவர்களை எடைபோட வேண்டாம்.)

பிராமணாபாத் நகரம் விழுந்த பிறகு நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. அரபுகள் வழக்கம்போல் ஜிஸ்யா வரியை மூன்று தரமாகப் பிரித்தார்கள்: செல்வர்க்கு 48 திர்ஹம், நடுத்தரத்தார்க்கு 24, ஏழைகளுக்கு 12. சரி, யார் செல்வர், யார் ஏழை என்று எழுதுவது யார்? ஊரும் நிலமும் தெரிந்தவர் யார்? தலையையும் தாடியையும் மழித்து, தாஹிருக்குத் துக்கம் காத்த கோலத்தில் பார்ப்பனர்கள் முகம்மது பின் காசிமின் முன் வந்து நின்றார்கள். அவர் அவர்களைப் பழைய பதவிகளிலேயே அமர்த்தினார். வரி வசூலை ஒப்படைத்தார். அந்தப் பதவிகள் வழிவழியாக அவர்களுக்கே என்று உறுதி தந்தார். வருவாயில் நூற்றுக்கு மூன்று அவர்களுக்கு என்ற பழைய ஏற்பாடும் தொடர்ந்தது. தாஹிரின் அமைச்சர் சியாகர் புதிய தளபதியின் ஆலோசகரானார்.

அரபுகளுக்கு இது புதிய வழக்கமல்ல. ஈராக்கைப் பிடித்த பிறகும் ஏறத்தாழ 60 ஆண்டுகள் வருவாய்க் கணக்கு பாரசீக மொழியில், பழைய எழுத்தர்களின் கையிலேயே இருந்தது. ஹஜ்ஜாஜ் காலத்தில்தான் அது அரபிக்கு மாறியது. படை நடத்தத் தெரிந்தவர்கள் ஏடு நடத்தத் தெரிந்தவர்களை நம்பித்தான் ஆண்டார்கள். சிந்துப் போருக்கு 6 கோடி திர்ஹம் செலவு, வரவு 12 கோடி என்று ஹஜ்ஜாஜ் கணக்குப் பார்த்ததாக அல்-பலாதுரி குறிப்பிடுகிறார். அந்தக் கணக்குக்குள் மேய்ப்பவர்களின் மானம் எங்கே வரும்?

அடுத்து முகம்மது பின் காசிம் ஜாட்டுகளைப் பற்றி விசாரித்தார். சியாகர் பழைய விதிகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். புதிய ஆட்சியாளர் அந்த மக்களை அருவருப்போடு பேசி, அதே விதிகளை உறுதிசெய்தார். கூடவே, வழிப்போக்கருக்கு உணவிட வேண்டும் என்ற கடமையையும் ஏற்றினார். கோயில்களைப் பற்றிக் கேட்டபோது மட்டும் ஹஜ்ஜாஜிடமிருந்து தாராளமான பதில் வந்தது: வரி கட்டுகிறார்கள், வழிபாட்டில் தலையிட வேண்டாம். நல்ல பதில்தான். ஆனால் காணிக்கை நின்றுபோய்விட்டது என்று முறையிட்டவர்களும் பார்ப்பனர்களே.

சச்நாமாவை எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். அது 1216 வாக்கில் அலீ கூஃபி எழுதியது. பழைய அரபு நூலின் மொழிபெயர்ப்பு என்று அவர் சொல்லிக்கொள்கிறார். அல்ல, அது பதின்மூன்றாம் நூற்றாண்டின் அரசியல் நூலே என்று வரலாற்றாசிரியர் மனான் அகமது ஆசிப் வாதிடுகிறார். அந்த வாதத்தை ஏற்றாலும் நாய் போகவில்லை. ஏனென்றால் அது அல்-பலாதுரியிடமும் இருக்கிறது. சுமார் 836இல் ஆளுநர் இம்ரான் பின் மூசா, அரோர் ஆற்றங்கரையில் ஜாட்டுகளை வரவழைத்து, கையில் முத்திரை குத்தி, ஜிஸ்யா வாங்கினார். வருகிறவர் ஒவ்வொருவரும் நாயோடு வர வேண்டும் என்றார். ஒரு நாயின் விலை 50 திர்ஹமாக ஏறியது. ஏழையின் நான்கு ஆண்டு வரியைவிட அதிகம்! வெற்றி கிடைத்து 120 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தது.

மார்க்கம் அழைக்கவில்லையா? அழைத்தது. கலீபா இரண்டாம் உமர், இஸ்லாத்தை ஏற்றால் மற்ற முஸ்லிம்களுக்குள்ள உரிமையும் கடமையும் உங்களுக்கும் என்று சிந்துவுக்கு எழுதினார். தாஹிரின் மகன் அதை ஏற்று அரபுப் பெயர் சூடினார். அந்தக் கடிதம் அரசர்களுக்கு எழுதப்பட்டது.

எருமை மேய்த்தவர்களில் ஒரு பகுதியினரை முகம்மது பின் காசிம் குடும்பத்தோடும் எருமைகளோடும் ஈராக்குக்கு அனுப்பினார். ஹஜ்ஜாஜ் அவர்களைக் கஸ்கர் சதுப்பு நிலத்தில் குடியமர்த்தினார். அங்கே அவர்களுக்கு 'ஸுத்' என்று பெயர். ஒரு நூற்றாண்டுக்குப் பின் அவர்கள் கிளர்ந்தெழுந்து பாஸ்ராவுக்கும் பாக்தாதுக்கும் இடையிலான வழியையே மறித்தார்கள். கலீபா முஃதசிமின் தளபதி உஜைஃப், நீர்வழிகளை அடைத்து 834-35இல் அவர்களை அடக்கினார். பெண்கள், குழந்தைகள் உட்பட 27,000 பேர் என்று தபரி கணக்குத் தருகிறார். படகுகளில் ஏற்றி, பாக்தாத் வழியாக ஊர் பார்க்கக் கொண்டுபோனார்கள். அவர்கள் தங்கள் ஊதுகொம்புகளை ஊதியபடி வந்தார்களாம். பிறகு பைசாந்திய எல்லையிலுள்ள அய்ன் சர்பாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 855இல் பைசாந்தியப் படை அந்த ஊரைத் தாக்கியது. ஸுத்துகளைப் பெண்டு பிள்ளைகளோடும் எருமைகளோடும் பிடித்துச் சென்றது.