புனே வாடாக்களின் மரச்செதுக்கு

மராட்டியர் காலத்தில் புனே நகரில் எழுந்த முற்றம் வைத்த மாளிகைகளுக்கு வாடா என்று பெயர். இவற்றின் தெருமுகப்பில் உள்ள தூண்கள், போதிகைகள், பலகணிகள் எல்லாம் மழையும் வெயிலும் படும் செதுக்கு வேலைகள்.

மரம் தேர்வதில் மராட்டியரின் கவனம் பழமையானது. 1715 வாக்கில் மராட்டிய அமைச்சர் ராமச்சந்திர பந்த் அமாத்யா எழுதிய ஆட்சிநெறி நூலான ஆக்ஞாபத்திரம், கப்பலுக்குத் தேக்கு வெட்டலாம், அதற்கும் அனுமதி வேண்டும் என்கிறது. மாவையும் பலாவையும் தொடக் கூடாது. அவை வளரக் காலம் பிடிக்கும், குடியானவர் அவற்றைப் பிள்ளைபோல் வளர்ப்பவர். 1732இல் முடிந்த சனிவார் வாடாவுக்குத் தேக்கு ஜுன்னர் காடுகளிலிருந்து வந்தது.

தேக்கிலும் நடுவிலிருக்கும் வைரமே வெளியில் நிற்கும். அதன் இயற்கைச் சத்துகள் கறையானையும் பூஞ்சையையும் அண்டவிடாது. அதைச் சுற்றியுள்ள வெளிறு சில ஆண்டுகளில் உளுத்துவிடும். செங்குத்தாக நிறுத்திய சிற்பத்தில் நீர் அதிகம் உறிஞ்சுவது வெட்டுமுகம், அதாவது தலை உச்சியும் பாதமும். வாடாத் தச்சர் தூணைக் கல்பீடத்தில் ஏற்றி, மேலே இறவாரத்தை நீட்டி இரண்டையும் காத்தனர். எண்ணெய்ப் பூச்சைவிட இதுவே பெரிய காப்பு. தமிழகத்தில் இலுப்பையிலும் தேக்கிலும் செய்த தேர்ச் சிற்பங்களைக் கொட்டகைக்குள் வைப்பதும் இதே கணக்கில்தான்.

மராட்டியப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவுக்காக 1807இல் கட்டிமுடித்த விஸ்ராம்பாக் வாடாவில் இக்கலையின் உச்சத்தைக் காணலாம். சைப்ரஸ் மரம்போல் கூம்பும் தூண்களும் அதன் முகப்பிலுள்ள வாழைப்பூ வேலைப்பாடும் பெயர் பெற்றவை. நம் நாயக்கர் காலக் கற்போதிகைகளிலும் வாழைப்பூ தொங்குகிறது என்பது தமிழருக்குச் சுவையான செய்தி.

மழையை வென்ற மரத்தைத் தீ வென்றது. சனிவார் வாடா 1828இல் எரிந்தது. பெரும்பாலும் கல்லே மிஞ்சியது. 1879இல் விஸ்ராம்பாக்கின் ஒரு பகுதியும் தீக்கிரையானது.

மரத்தைக் காக்கப் பின்னர் மருந்தும் வந்தது. 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோண்டி காமேசம் செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மரக்காப்பு மருந்தைக் கண்டறிந்தார். மின்கம்பங்களுக்கு அது உலகெங்கும் பரவியது. ஆர்செனிக் நஞ்சு என்பதால் பல நாடுகள் வீட்டுப் பயன்பாட்டில் அதைப் பின்னர் கட்டுப்படுத்தின. அழுத்தம் கொடுத்து ஏற்ற வேண்டிய மருந்து அது. தேக்கு வைரம் அதை எளிதில் ஏற்காது, கட்டடத்தில் பொருத்திய தூணைக் கழற்றவும் முடியாது. மட்டமான மரத்தில் புதுச் சிலை செய்பவருக்கே அது உதவும். வாடா முகப்புக்கு ஒழுகாத கூரை, அடைப்பில்லாத நீர்த்தாரை, அவ்வப்போது எண்ணெய், ஒழுங்கான மின்கம்பி இணைப்பு இவையே தேவை.