டெட்வுட் கடைத்தெரு: தீக்கு முன், தீக்குப் பின்

ஸ்டான்லி மாரோ 1876-இல் எடுத்த படத்தில், டெட்வுட் ஊர் மலையிடுக்கில் ஒற்றைத் தெருவாகக் கிடக்கிறது. அமெரிக்காவின் அன்றைய டகோட்டா பகுதியில், பிளாக் ஹில்ஸ் மலையில் உள்ள ஊர் இது. அமெரிக்க அரசு செய்த 1868 ஒப்பந்தப்படி அந்த மலை லகோட்டா பழங்குடி மக்களுடையது. 1874-இல் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படை அங்கே தங்கம் இருப்பதைக் கண்டதும் ஒப்பந்தம் காற்றில் பறந்தது. மாரோ படமெடுத்த தெரு, பறித்த மண்ணில் எழுந்த தெரு. இதை மறந்துவிட்டு அந்தப் படத்தைப் பார்ப்பது நியாயமில்லை.

தங்கம் தேடி வந்தவர்களுக்கு நிதானமாகக் கட்ட ஏது நேரம்? அந்தக் காலத்துச் சுரங்க ஊர்க் கடைகள் பெரும்பாலும் ஒரே அச்சு. பின்னால் சின்ன மரக்கொட்டகை. முன்னால் மட்டும் கூரையை மறைக்கும் உயரத்துக்குப் பலகைச் சுவர். தெருவிலிருந்து பார்த்தால் மாடிக்கடை போலத் தெரியும். பக்கவாட்டில் வந்தால்தான் குட்டு வெளிப்படும். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளை இருக்குமோ இருக்காதோ என்ற ஊரில், இருக்கும் என்று நம்பியவர்கள் எழுப்பிய சுவர் அது.

1879 செப்டம்பர் 26 அதிகாலையில் ஷெர்மன் தெரு ரொட்டிக்கடை ஒன்றில் தீப்பிடித்தது. பக்கத்து இரும்புச் சாமான் கடையில் இருந்த வெடிமருந்துப் பீப்பாய்களுக்குத் தீ தாவ, ஊர் அதிர்ந்தது. சுமார் 300 கட்டடங்கள் சாம்பலாயின. ஏறத்தாழ 2,000 பேர் வீடிழந்தார்கள். அதன் பிறகு செங்கல்லும் கல்லும் வந்தன.

அந்தப் புதிய ஊரைப் படமெடுத்தவர் ஜான் கிராபில். 1887 முதல் 1892 வரை எடுத்தவற்றில் 188 படங்களைப் பதிப்புரிமைக்காக வாஷிங்டனுக்கு அனுப்பினார். அவை இன்றும் அங்குள்ள காங்கிரஸ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. உரிமை கோரி அனுப்பியதுதான் அவற்றைக் காப்பாற்றியது.

அவற்றில் என்னை நகரவிடாமல் நிறுத்துவது ஒரு குழுப்படம். 1888 ஜூலை 4 அன்று டெட்வுட்டில் நடந்த போட்டியில் வென்ற சீனர்களின் தீயணைப்புக் குழாய் அணி. குழாய் சுற்றிய வண்டியை ஆட்களே இழுத்துக்கொண்டு ஓடும் பந்தயம் அது. அமெரிக்காவின் சாம்பியன் சீன அணி என்றே தலைப்பிட்டிருக்கிறார் கிராபில். சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் நுழையத் தடை விதித்த சட்டம் வந்து அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த நாட்டின் சுதந்திர தினத்தில், ஒருமுறை பெரும்பகுதி எரிந்த ஊரின் தீயணைப்புப் பந்தயத்தில் ஓடி ஜெயித்திருக்கிறார்கள் இவர்கள்.

மெயின் தெருவின் கீழ்க்கோடியில் சீனர்களின் குடியிருப்பு இருந்தது. ஃபீ லீ வோங் என்ற வணிகரின் விங் சூ கடை அங்கே பேர்பெற்றது. 1961-இல் டெட்வுட் தேசிய வரலாற்றுச் சின்னமானது. 1989-இல் சூதாட்டத்துக்கு அனுமதி கிடைக்க, அந்த வருமானத்தின் ஒரு பகுதி பழைய கட்டடங்களைப் பராமரிக்க ஒதுக்கப்பட்டது. இவ்வளவு ஏற்பாடு இருந்தும், 2005 டிசம்பரில் விங் சூ கட்டடம் இடிக்கப்பட்டது. சீனக் குடியிருப்பின் எஞ்சிய அடையாளமும் அதோடு போனது.

மெயின் தெருவில் மற்ற முகப்புகளுக்குக் காட்டிய அக்கறையை அந்தக் கீழ்க்கோடிக்கும் காட்டியிருக்க வேண்டும். பணமில்லை என்று சொல்ல முடியாத ஊர் அது.