குனித்தாச்சி தொடருந்து நிலையம்

குனித்தாச்சி தொடருந்து நிலையம், ஜப்பானின் தோக்கியோ மாநகரப் பகுதியின் மேற்கே உள்ள குனித்தாச்சி நகரில் அமைந்துள்ளது. கிழக்கு ஜப்பான் தொடருந்து நிறுவனம் இதை இயக்குகிறது. சூஓ வழித்தடத்தில் தோக்கியோ மைய நிலையத்திலிருந்து 34.5 கி.மீ. தொலைவில் உள்ள இந்நிலையத்தின் குறியீட்டு எண் ஜேசி 18. 1926ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இதன் சிவப்பு முக்கோணக் கூரைக் கட்டடம் நகரின் அடையாளமாகக் கருதப்படுகிறது. பொதுவாக ஊர் வளர்ந்த பிறகே நிலையம் வரும். இங்கு நிலையத்தைச் சுற்றியே ஊர் உருவானது. எண்பது ஆண்டுகளுக்குப் பின் அக்கட்டடம் அகற்றப்பட்டபோது, அதை மீண்டும் எழுப்பியதும் அதே ஊர்தான்.

பெயர்க் காரணம்

கிழக்கே கொக்குபுன்ஜி, மேற்கே தாச்சிக்காவா என்னும் இரு பழைய நிலையங்களுக்கு இடையே இது அமைக்கப்பட்டது. அவ்விரு பெயர்களின் முதல் சித்திர எழுத்துகளைச் சேர்த்து இதற்குப் பெயரிட்டனர். கொக்குபுன்ஜியில் 'கொக்கு' என ஒலிக்கும் எழுத்தைக் 'குனி' என்றும் படிக்கலாம். அதன் பொருள் நாடு. 'தாச்சி' என்பதற்கு எழுந்து நிற்றல் என்று பொருள். இதே இரு எழுத்துகளை வேறு விதமாக ஒலித்தால் 'தேசிய' என்ற பொருள் தரும் சொல் கிடைக்கும். இதனால் எழுத்தில் மட்டும் இப்பெயரைக் காண்போர் குழம்புவதுண்டு. நிலையத்தின் பெயரே பின்னர் ஊரின் பெயராயிற்று. அதுவரை யாஹோ என்றிருந்த கிராமம் 1951இல் குனித்தாச்சி என்ற பெயருடன் பேரூராகி, 1967இல் நகரமானது.

வரலாறு

தொடக்கம்

ஷின்ஜுக்குவுக்கும் தாச்சிக்காவாவுக்கும் இடையிலான இருப்புப்பாதையைக் கோபு தொடருந்து நிறுவனம் 1889 ஏப்ரலில் திறந்தது. 1906இல் இப்பாதை அரசுடைமையானது. அப்போது யாஹோ கிராமத்தின் வடபகுதி பெரும்பாலும் மரங்கள் அடர்ந்த காடாக இருந்தது. தொடருந்துகள் அதைக் கடந்து சென்றன. நிற்க நிலையம் இல்லை.

1923 செப்டம்பர் 1 அன்று நிகழ்ந்த பெரும் கான்டோ நிலநடுக்கம் நிலைமையை மாற்றியது. நகர மையத்தில் இருந்த தோக்கியோ வணிகப் பல்கலைக்கழகம் பெரும் சேதமடைந்து புதிய இடம் தேடியது. ஹாக்கோனே நில நிறுவனத்தை நடத்திய சுட்சுமி யசுஜிரோ, பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட புறநகர் ஒன்றை இங்கு அமைக்கத் திட்டமிட்டார். 1925இல் இரு தரப்பினருக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. நிலையத்தை அந்நிறுவனமே கட்டி அரசின் தொடருந்துத் துறைக்கு அளித்தது. 1926 ஏப்ரல் 1 அன்று நிலையம் திறக்கப்பட்டது.

நிலையத்தின் தெற்கு வாயிலிலிருந்து மூன்று சாலைகள் விசிறி போல் பிரிகின்றன. நடுவில் உள்ள பல்கலைக்கழகச் சாலை ஏறத்தாழ 44 மீட்டர் அகலமுடையது. தென்மேற்கே செல்லும் சாலையில் வானம் தெளிந்த நாட்களில் ஃபூஜி மலையைக் காணலாம். இடம்பெயர்ந்து வந்த பல்கலைக்கழகம் 1949இல் ஹித்தோத்சுபாஷி பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறியது.

போருக்குப் பிந்தைய காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அருகிலுள்ள தாச்சிக்காவா விமானத் தளம் அமெரிக்கப் படையின் வசமானது. 1950இல் கொரியப் போர் மூண்டதும், படைவீரர்களை நம்பிய விடுதிகளும் மதுக்கூடங்களும் குனித்தாச்சிக்குப் பரவின. இதை எதிர்த்துக் குடியிருப்போரும் மாணவர்களும் இயக்கம் நடத்தினர். அதன் விளைவாக 1952இல் இப்பகுதி கல்வி வட்டாரமாக அறிவிக்கப்பட்டு, இத்தகைய தொழில்களுக்குத் தடை விதிக்கப்பட்டது.

ஊரின் தோற்றம் குறித்த வழக்கு ஒன்றும் நாடறிந்ததாயிற்று. பல்கலைக்கழகச் சாலையோரம் எழுந்த 14 மாடிக் குடியிருப்பில் 20 மீட்டருக்கு மேற்பட்ட பகுதியை இடிக்குமாறு தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2002இல் ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் குடியிருப்போரின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. எனினும், நல்ல நிலக்காட்சியை அனுபவிக்கும் நலன் சட்டப் பாதுகாப்புக்கு உரியது என அது ஏற்றுக்கொண்டது.

கட்டடம் அகற்றலும் மீட்டெடுத்தலும்

1987இல் தேசியத் தொடருந்து நிறுவனம் பிரிக்கப்பட்டுத் தனியார்மயமானபோது இந்நிலையம் இன்றைய நிறுவனத்தின் கீழ் வந்தது. பின்னர் மித்தாக்காவுக்கும் தாச்சிக்காவாவுக்கும் இடையே பாதையை உயர்த்தும் பணி தொடங்கியது. அப்பகுதியிலிருந்த 18 கடவுப்பாதைகளை நீக்குவது அதன் நோக்கம். இருப்புப்பாதைப் பணிக்குப் பழைய நிலையக் கட்டடம் இடையூறாக நின்றது.

தோக்கியோவின் மர நிலையக் கட்டடங்களில் ஹராஜுக்குவுக்கு அடுத்து இதுவே பழைமையானதாக இருந்தது. 2006 அக்டோபரில் கட்டடம் பயன்பாட்டிலிருந்து நீங்கியது. பின் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, மரங்களும் பிற உறுப்புகளும் நகராட்சியால் சேமித்து வைக்கப்பட்டன. அதே ஆண்டில் நகராட்சி இதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. இந்த அறிவிப்பு வெறும் மரியாதைக்கானது அன்று. தீத்தடுப்பு விதிகள் கடுமையாக உள்ள நிலையப் பகுதியில் புதிதாக மரக் கட்டடம் எழுப்புவது கடினம். பண்பாட்டுச் சொத்து என்ற தகுதி அதற்கு விலக்குப் பெற வழிவகுத்தது.

கீழ்நோக்கிய பாதை 2009 ஜனவரியிலும் மேல்நோக்கிய பாதை 2010 நவம்பரிலும் உயர்மட்டத்துக்கு மாறின. நகராட்சி நிறுவனத்திடமிருந்து நிலத்தை வாங்கி, ஏறக்குறைய பழைய இடத்திலேயே கட்டடத்தை மீண்டும் எழுப்பியது. பழைய உறுப்புகளில் சுமார் 70 விழுக்காடு பயன்படுத்தப்பட்டது. 1926ஆம் ஆண்டுத் தோற்றத்துடன் 2020 ஏப்ரலில் அது திறக்கப்பட்டது. இப்போது அங்கே பயணச்சீட்டு வாயில் இல்லை. நகர வரலாற்றுக் காட்சியும் தகவல் மையமும் உள்ளன.

சேவைகள்

சூஓ வழித்தடத்தின் விரைவுத் தொடருந்துகள் இங்கு நிற்கின்றன. கிழக்கே ஷின்ஜுக்கு, தோக்கியோவுக்கும் மேற்கே தாச்சிக்காவா, ஹாச்சியோஜி, தாக்காவோவுக்கும் நேரடியாகச் செல்லலாம். சிறப்பு விரைவுத் தொடருந்துகள் நிற்பதில்லை. அவற்றில் ஏற விரும்புவோர் கொக்குபுன்ஜியிலோ தாச்சிக்காவாவிலோ மாற வேண்டும். முசாஷினோ வழித்தடத்துடன் இணைக்கும் கிளைப்பாதையும் இங்கிருந்து பிரிகிறது. சரக்குத் தொடருந்துகளுடன், ஓமியா செல்லும் 'முசாஷினோ' தொடருந்தும் அவ்வழியே இயங்குகிறது.

2025 மார்ச் முதல் சூஓ விரைவுத் தொடருந்துகளில் கூடுதல் கட்டணம் கொண்ட இரண்டு அடுக்குப் பசுமைப் பெட்டிகள் முழுமையாகச் சேவைக்கு வந்தன. அவற்றைச் சேர்த்துத் தொடருந்தின் நீளம் 12 பெட்டிகளாயிற்று.