துறக்க மறுத்த அதிகாரம்

யூனிக்ஸ் இயங்குதளத்தில் கடவுச்சொற்கள் உள்ள கோப்பில் கைவைக்கும் உரிமை ‘ரூட்’ எனப்படும் தலைமைப் பயனருக்கே உண்டு. ஆயினும் சாதாரணப் பயனர் தம் கடவுச்சொல்லை மாற்றியாக வேண்டுமே! இத்தகைய இடர்ப்பாட்டிற்குப் பெல் ஆய்வகத்தின் டென்னிஸ் ரிச்சி கண்ட விடை, ‘செட்யூஐடி’ என்னும் ஒற்றைக் குறி. அக்குறி இடப்பட்ட நிரலை யார் இயக்கினாலும், கோப்பின் உரிமையாளருக்குள்ள அதிகாரத்தைக் கெர்னல் அந்நிரலுக்கு வழங்கும். 1973-இல் விண்ணப்பித்து 1979-இல் காப்புரிமை பெற்ற இக்கருத்து, பின்னர் பொதுவுடைமை ஆக்கப்பட்டது.

இரவல் அதிகாரத்தைப் பெறுவது எளிது. திருப்பித் தருவதில்தான் சிக்கல். அதற்கென நிரலில் எழுதப்படும் அழைப்பின் பெயரும் செட்யூஐடியே. லினக்ஸில் இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் உண்மை அடையாளம், செயல்படும் அடையாளம், சேமித்த அடையாளம் என மூன்று உண்டு. அதிகாரம் உடையவர் அழைத்தால் மூன்றும் மாறும். அற்றவர் அழைத்தால் செயல்படும் அடையாளம் மட்டுமே மாறும். ஒரே சொல், ஆளுக்கேற்ற பொருள்! இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இது சற்றே உறுத்துகிறது.

1999-இல் வெளிவந்த லினக்ஸ் 2.2, ரூட்டின் பேரதிகாரத்தைத் தனித்தனி உரிமைகளாகக் கூறுபோட்டது. அடையாளத்தை மாற்றும் உரிமையும் அவற்றுள் ஒன்று. நோக்கம் நன்றே. ஆனால் ஒரு பிழையால், சாதாரணப் பயனர் அந்த ஓர் உரிமையை மட்டும் கழித்துவிட்டு, ரூட்டின் அதிகாரத்தோடு இயங்கும் செண்ட்மெயில் என்னும் அஞ்சல் நிரலைத் தொடங்க முடிந்தது. செண்ட்மெயில் முறைப்படியே அதிகாரத்தைத் துறக்க முற்பட்டது. கெர்னலோ செயல்படும் அடையாளத்தை மட்டும் மாற்றிவிட்டு, ‘வெற்றி’ என்று விடையளித்தது. சேமித்த அடையாளத்தில் ரூட் அப்படியே அமர்ந்திருந்தது. அதை மீட்டுக்கொண்டவருக்குக் கணினி முழுவதும் வசம். துறக்கும் உரிமையைப் பறித்ததால் அதிகாரம் நிலைத்துவிட்ட விந்தையை என்னென்பது!

2000 ஜூனில் வந்த 2.2.16 கெர்னல் அவ்வழியை அடைத்தது. செண்ட்மெயில் 8.10.2 கெர்னலின் சொல்லை நம்புவதையே விட்டது. அதிகாரத்தைத் துறந்தபின் மீண்டும் ரூட்டாக முயன்று பார்க்கும். முடிந்துவிட்டால் இயங்க மறுத்துவிடும்.

2002-இல் ஹாவோ சென், டேவிட் வாக்னர், ட்ரூ டீன் ஆகிய மூவரும் லினக்ஸ், சோலாரிஸ், ஃப்ரீபிஎஸ்டி ஆகியவற்றில் இவ்வழைப்புகள் வேறுவேறாக நடந்துகொள்வதை ஆராய்ந்து எழுதினர். மூன்று அடையாளங்களையும் வெளிப்படையாகப் பெயர்சொல்லிக் கேட்கும் ‘செட்ரெஸ்யூஐடி’ அழைப்பே பொருள் தெளிவுடையது என்பது அவர்கள் முடிவு.