டைட்டனும் நாவலடியும்

சனிக் கிரகத்தின் உபகோள்களுள் மிகப் பெரியதாகிய டைட்டனை 1655ஆம் ஆண்டு ஒல்லாந்து விஞ்ஞானி கிறிஸ்தியான் ஹைகன்ஸ், தாமும் தமையனாருமாகத் தேய்த்து உருவாக்கிய வில்லையின் வழியாகக் கண்டார். அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன், 1638இல், ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியிருந்தனர். இவற்றை நாம் தொடர்பற்ற இரு செய்திகளாகவே கொள்கிறோம். ஆயினும், கடல் வாணிபத்தில் குவிந்த செல்வமே அந்நாட்டில் போர்க்கப்பலையும் வளர்த்தது, வில்லையையும் வளர்த்தது. விஞ்ஞானத்தின் வரலாறு சமுதாயத்தின் வரலாற்றிலிருந்து பிரிந்து நிற்பதன்று.

ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் டைட்டன் ஓர் ஒளிப்புள்ளியாகவே இருந்தது. 1944இல் ஜெரார்ட் கைப்பர் அதன் ஒளியைப் பிரித்தாராய்ந்து, அங்கு மெதேன் வாயு உண்டென நிறுவினார். வளிமண்டலம் உடைய உபகோள்! உயிரின் தோற்றத்தை ஆராய்ந்தோருக்கு இச்செய்தி பெரும் பொருளுடையதாயிற்று. ஆதிப் பூமியின் எளிய சேர்வைகளிலிருந்து, இயற்கை விதிகளின்படியே உயிர் படிப்படியாகத் தோன்றியிருக்க வேண்டும் என்று சோவியத் நாட்டில் ஒபாரின் 1924இலும், இங்கிலாந்தில் ஹால்டேன் 1929இலும் எழுதியிருந்தனர். 1953இல் ஸ்டான்லி மில்லர் மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி ஆகியவற்றின் கலவையில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றார்.

இவ்வாராய்ச்சியில் முன்னணியில் நின்றோருள் ஒருவர் நம் நாட்டவர். 1923இல் காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும, 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் பெற்றார். பின்னர் லண்டன் சென்று பேர்க்பெக் கல்லூரியில் இரசாயனம் கற்றார். 1823இல் தொழிலாளருக்கெனத் தொடங்கப்பெற்று, பகலில் உழைப்போர் மாலையில் கற்கும் கல்லூரி அது. அங்கு பேராசிரியராக விளங்கிய ஜே. டி. பேர்னாலின் சிந்தனைகள் அவரை உயிரின் தோற்றம் பற்றிய ஆய்வில் ஈடுபடுத்தின. 1962இல் கலிபோர்னியாவில் கலாநிதிப் பட்டம் பெற்றார். மெதேன், அமோனியா, நீர் ஆகியவற்றின் கலவையில் இலத்திரன் கற்றையைச் செலுத்தி, டி.என்.ஏ.யின் உறுப்பாகிய அடெனினை 1963இல் பெற்ற குழுவில் அவரும் ஒருவர்.

1980 நவம்பரில் வொயேஜர்-1 டைட்டனை அணுகியது. அவ்வளிமண்டலத்தின் பெரும்பகுதி நைதரசனே என்பதும், அதில் ஐதரசன் சயனைட்டும் உண்டென்பதும் தெரியவந்தன. அடெனின் உருவாகும் வழியில் அமையும் முக்கிய படியே இச்சேர்வை. ஆய்வுகூடக் குடுவையில் நிகழ்வது வானத்திலும் நிகழ்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? டைட்டனின் வளியை ஒத்த கலவையில் சேதனச் சேர்வைகள் உருவாகும் விதத்தைப் பொன்னம்பெருமவும் உடனாய்ந்தோரும் ஆராய்ந்து 1981இல் வெளியிட்டனர். 1984 முதல் அவர் இலங்கையின் அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராகவும் பணியாற்றினார், 1994இல் மறைந்தார்.

அவர் மறைந்து பத்தாண்டுகளின் பின், 2004 டிசம்பர் 25இல், ஹைகன்ஸின் பெயர் தாங்கிய ஐரோப்பிய ஆய்வுக்கலம் கசினி விண்கலத்திலிருந்து பிரிந்து டைட்டனை நோக்கிச் சென்றது. மறுநாட் காலை சுமாத்திராவுக்கு அருகே கடலடி நடுங்கியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஆழிப்பேரலை நமது கிழக்குக் கரையை அடைந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிட்டாகக் கிடந்த நாவலடி அழிந்தது; கல்லடி சிதைந்தது; நாடெங்கும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2005 ஜனவரி 14இல், 120 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் அக்கலம் டைட்டனில் இறங்கியது. திரவ மெதேன் ஓடிய தடங்களையும் பனிக்கட்டிக் கற்களையும் அது படமெடுத்து அனுப்பிய வேளையில், நம் கரையோர மக்கள் முகாம்களில் இருந்தனர்.

அந்த நடுக்கம் எவராலும் அறியப்படாத ஒன்றன்று. 1949 முதல் இயங்கிவரும் பசுபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்தில் அதனை அறிந்து, பசுபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என அறிவித்தது. இந்து சமுத்திரத்துக்கு அத்தகைய அமைப்பு அன்று இருக்கவில்லை; பேரழிவுக்குப் பின்னரே அமைக்கப்பட்டது. டைட்டனுக்குச் செலவிட்டதால் நாவலடி அழிந்தது என்று கூறுவது பேதைமை. நிலநடுக்கமானியும் கடல்மட்டமானியும் விண்கலத்தைக் காட்டிலும் அரிய கருவிகள் அல்ல. அறிவும் கருவியும் இருந்தன. அவை ஏழை நாடுகளின் கரைகளைக் காக்க ஒழுங்குபடுத்தப்படவில்லை. எவருடைய கரைக்கு முதலில் காவல் என்பதை விஞ்ஞானம் தீர்மானிப்பதில்லை, அரசுகளே தீர்மானிக்கின்றன. பொன்னம்பெருமவுக்கு வழிகாட்டிய பேர்னால், ‘விஞ்ஞானத்தின் சமூகப் பணி’ என்னும் பொருள்படும் தலைப்பில் 1939இல் வெளியிட்ட நூலில் எழுப்பிய வினாவும் இத்தகையதே.

நாசாவின் டிராகன்பிளை விண்கலம் 2028இல் புறப்பட்டு 2034இல் டைட்டனை அடையத் திட்டமிடப்பட்டுள்ளது. இன்று வாவிக்கரைப் பாடசாலைகளில் கற்கும் சிறுவர் அப்போது வாலிபப் பருவத்தினராவர். அவர்களுக்கு நாம் டைட்டனைத் தமிழில், தயக்கமின்றிக் கற்பிக்க வேண்டும். கடல் திடீரென உள்வாங்கினால் மேட்டுநிலம் நோக்கி ஓட வேண்டும் என்பதையும், அதன் காரணத்தையும் அதே ஆர்வத்தோடு கற்பிக்க வேண்டும். காலியில் பிறந்தவருக்கு இயன்றது கல்லடியில் பிறப்போருக்கும் இயலும். அதற்குப் பாடசாலைதோறும் இயங்கும் ஆய்வுகூடம் வேண்டும். பகலில் மீன்பிடிக்கும் இளைஞனும் மாலையில் வந்து கற்கும் வகுப்பு வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறும் பொறுப்பு ஆசிரியர்களாகிய நம்முடையது.