ஊக்கு நுழையும் துளை

வீட்டு ரவுட்டரின் பின்பக்கத்தில், மின்கம்பி செருகும் இடத்தை ஒட்டி, பெரும்பாலும் ஒரு சிறு துளை இருக்கும். விரல் நுழையாது, ஊக்கின் முனையோ நிமிர்த்திய ஜெம் கிளிப்போதான் நுழையும். உள்ளே இருக்கும் பொத்தானைப் பத்து விநாடி போல அழுத்திப் பிடித்தால் முன்பக்க விளக்குகள் ஒருசேரச் சிமிட்டி அணையும். ஓரிரு நிமிடத்தில் பெட்டி மறுபடி எழும்போது வைஃபை பெயர், அதன் கடவுச்சொல், அமைப்புகளுக்குள் போவதற்கு யாரோ எப்போதோ வைத்து மறந்துவிட்ட நிர்வாகக் கடவுச்சொல், இணைப்புக்கான பயனர்பெயர் எதுவும் அதில் இருக்காது. செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போக வழி தெரியாதவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. இதைப் பழுது நீக்கும் வசதியாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அதன் வரலாற்றைப் பார்த்தால் இது ஓர் உரிமை ஏற்பாடு என்று தெரிகிறது. நில வழக்குகளில் அனுபோக பாத்தியதை என்பார்கள்: கையில் வைத்து ஆண்டுவருகிறவருக்கு அதனாலேயே உண்டாகும் உரிமை. துளை சொல்வதும் கிட்டத்தட்ட அதுவே. பெட்டியைத் தொட முடிகிறவர் அதை ஆளலாம். வீட்டு ரவுட்டர்களுக்கு நேர்ந்த பெரிய கேடுகள் இந்த விதியால் வந்தவை அல்ல, பெட்டியைத் தொடாமலே உள்ளே போகும் வழிகளால் வந்தவை. அப்படியிருந்தும் இந்த விதிதான் இன்று தேய்ந்துகொண்டு வருகிறது.

விதி வீட்டில் பிறந்ததல்ல. பெரிய நிறுவனங்களின் இயந்திர அறைகளிலிருந்து வந்தது. சிஸ்கோ ரவுட்டரின் கடவுச்சொல்லை மறந்த பொறியாளர் செய்யும் வேலையைப் பார்த்தால் அது விளங்கும். கன்சோல் கம்பியால் தன் கணினியை நேரடியாக ரவுட்டரில் இணைப்பார். மின்சாரத்தை நிறுத்திப் போட்டு, முதல் 60 விநாடிக்குள் பிரேக் விசையைத் தட்டுவார். ரவுட்டர் பாதி விழித்த நிலையில் நின்றுவிடும். அதன் பதிவேட்டில் 2102 என்றிருக்கும் எண்ணை 2142 ஆக்குவார். சேமித்து வைத்த அமைப்பைப் படிக்காமல் கிளம்பு என்பது அதன் பொருள். ரவுட்டர் வெறுமையாக எழுந்ததும், படிக்கப்படாமல் பத்திரமாக இருக்கும் பழைய அமைப்பைத் தானே வரவழைத்து, கடவுச்சொல்லை மட்டும் மாற்றி, எண்ணைப் பழையபடி 2102 ஆக்கிவிடுவார். ஒரு வரிகூட அழியாது. இந்த வழியைக் கள்ளவழி என்று யாரும் சொன்னதில்லை. தயாரிப்பாளரே அதை வெளிப்படையாக எழுதிப் பிரசுரித்தார். காரணம், ரவுட்டருக்கு முன்னால் ஒரு பூட்டிய அறை இருந்தது. அறைச்சாவி யாரிடமோ அவரே உரிமையாளர் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை.

ரவுட்டர் வீட்டுக்குள் நுழைந்தபோது அந்த அறை கூடவே வரவில்லை. ஒரே இணைய முகவரியைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ளும் முறையை 1994 மே மாதம் ஆர்எஃப்சி 1631 என்ற ஆவணம் விவரித்தது. வீடுகளும் அலுவலகங்களும் தங்களுக்குள் புழங்கிக்கொள்ள 192.168 என்று தொடங்கும் முகவரிகளை 1996 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 1918 வரையறுத்தது. 1999இல் பிபிபிஓஇ என்ற முறை எழுதப்பட்டது; தொலைபேசிக் கம்பி வழியே வரும் பிராட்பேண்டுக்குப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் பெருமளவில் வந்தது அதோடுதான். இவற்றைச் சேர்த்து மலிவான பெட்டிகள் வந்தன. விக்டர் சாவ், ஜேனி சாவ் தம்பதி கலிபோர்னியாவில் 1988இல் தொடங்கிய லிங்க்சிஸ் அவற்றில் முன்னே நின்றது. சிஸ்கோ 2003இல் அதைச் சுமார் 50 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தப் பெட்டிக்குத் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது, கன்சோல் கம்பியும் கிடையாது. உலாவியில் 192.168.1.1 என்று தட்டினால் வரும் ஒரு பக்கம்தான் மொத்தக் கட்டுப்பாடும். கையேட்டை ஒரே மாதிரி அச்சடித்து லட்சக்கணக்கான பெட்டிகளோடு அனுப்ப வேண்டுமானால் எல்லாப் பெட்டிக்கும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும், கடவுச்சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படித்தான் ‘அட்மின்’ என்ற சொல் உலகத்துக்கெல்லாம் பொதுச்சாவி ஆனது. துளையும் அந்தச் சொல்லும் கூடப்பிறந்தவை: துளை பெட்டியைத் தெரிந்த ஒரு நிலைக்குக் கொண்டுபோகும், அங்கே தெரிந்த ஒரு சொல் காத்திருக்கும்.

சிஸ்கோ பொறியாளருக்குக் கிடைத்த ஒன்று வீட்டுக்காரருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய மீட்பு பழையதைக் காப்பாற்றியது. வீட்டுத் துளை எல்லாவற்றையும் அழிக்கிறது. இதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. பூட்டிய அறை இல்லாத இடத்தில் அழிப்புதான் காவல். விருந்தாளியோ வேலைக்கு வந்தவரோ ஊக்கை நுழைத்தால் பெட்டி அவர் வசமாகலாம். ஆனால் அதற்கு முன் அதில் இருந்த ரகசியங்கள் அவர் கைக்குப் போகாது. அதோடு வீட்டில் இருக்கும் கைபேசிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வைஃபையை இழக்கும். திருட்டுத்தனமாகச் செய்ய முடியாத காரியம் அது.

கேடு வேறு பக்கமிருந்து வந்தது. ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தாலே போதும், அதில் ஒளிந்திருக்கும் நிரல் வீட்டு ரவுட்டரின் பக்கத்துக்குப் போய், பொதுக் கடவுச்சொல்லைக் கொடுத்து, பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பைத் திருத்திவிடலாம் என்று இந்தியானா பல்கலைக்கழகமும் சைமான்டெக் நிறுவனமும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2007 தொடக்கத்தில் எச்சரித்தார்கள். வங்கியின் முகவரியைச் சரியாகத் தட்டியவரும் மோசடிப் பக்கத்துக்குப் போய்ச் சேருவார். அடுத்த ஆண்டே மெக்சிகோவில் ரவுட்டரின் டிஎன்எஸ்ஸைத் திருத்தி வங்கி வாடிக்கையாளர்களைக் குறிவைத்த தாக்குதல் நடந்தது. 2016இல் மிராய் என்ற தீநிரல் வந்தது. அதன் கையில் இருந்தது அறுபத்துச் சொச்சம் பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகள் கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவுதான். எல்லாம் ஆலையில் வைத்த சொற்கள். அதைக் கொண்டே கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் மீது அது ஏவப்பட்டபோது ட்விட்டர் உள்படப் பெரிய தளங்கள் பலவும் தடுமாறின. நம் ஊருக்கும் இது வந்தது. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்களைத் தீநிரல் தாக்கியது. ஆலைக் கடவுச்சொல்லை உடனே மாற்றும்படி வாடிக்கையாளர்களை அந்த நிறுவனம் கேட்டுக்கொண்டது. இத்தனையிலும் ஊக்கைத் தொட்டவர் ஒருவர்கூட இல்லை.

ரீசெட் செய்தால் பெட்டி அந்தப் பொதுச்சாவிக்குத்தானே திரும்புகிறது, ஆகவே துளையும் உடந்தை என்று வாதிடலாம். அதில் உண்மை இருக்கிறது. மிராய் நினைவகத்தில் மட்டுமே வாழ்ந்தது. அணைத்துப் போட்டால் ஓடிவிடும். ஆனால் கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் சில நிமிடங்களிலேயே திரும்பி வந்துவிடும். ஆகவே குற்றம் திரும்பும் செயலில் இல்லை, திரும்பிப் போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது. சட்டங்களும் அந்த இடத்தைத்தான் குறிவைத்தன. பெட்டிக்குப் பெட்டி வேறான கடவுச்சொல், அல்லது முதல் பயன்பாட்டுக்கு முன் மாற்றியே ஆகவேண்டிய ஏற்பாடு என்று 2018இல் கலிபோர்னியா சட்டம் செய்தது. 2020 ஜனவரி 1 முதல் அது நடப்புக்கு வந்தது. பிரிட்டனில் அதுபோன்ற சட்டம் 2024 ஏப்ரல் 29 முதல் அமலில் இருக்கிறது. சாவி இப்போது பெட்டியின் அடியில் ஒட்டிய காகிதத்துக்கு வந்துவிட்டது. அதைப் படிக்கவும் பெட்டியைக் கையில் எடுக்கத்தான் வேண்டும். பழைய விதி தன் சொந்தக் குறையைத் திருத்திக்கொண்டது. காகிதத்தில் அச்சிட்டால் மட்டும் போதாது என்பதும் உண்மை. தாம்சன் நிறுவனத்தின் சில ரவுட்டர்களில் வைஃபை கடவுச்சொல்லை வரிசை எண்ணிலிருந்து கணக்கிட்டு வைத்திருந்தார்கள். வைஃபை பெயரும் அதே கணக்கிலிருந்து வந்ததால், தெருவில் நின்று பெயரைப் பார்த்தே கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கலாம் என்று 2008இல் வெளிப்பட்டது. துளை மருந்தாகவும் இருந்திருக்கிறது. 2018 மே மாதம் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளைப் பிடித்திருந்த விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரலின் முதல் பகுதி, அணைத்துப் போட்டாலும் போகாதது. அதைக் கண்டுபிடித்த சிஸ்கோ ஆய்வாளர்கள் சொன்ன வழி, ஆலை நிலைக்கு ரீசெட் செய்வதுதான்.

வலுவான எதிர்வாதம் இனிமேல்தான். சாதாரணக் குடும்பத்துக்கு ரவுட்டரை ஆளத் தெரியாது, நேரமும் இல்லை. இணைப்புக் கொடுக்கும் நிறுவனமே தூரத்திலிருந்து பார்த்துக்கொள்வதுதான் பாதுகாப்பு என்பது அது. இதற்கான முறை 2004இல் டிஎஸ்எல் ஃபோரம் வெளியிட்ட டிஆர்-069. நிறுவனத்தின் சேவையகம் பெட்டியின் அமைப்புகளை மாற்றும், மென்பொருளைப் புதுப்பிக்கும். ஓட்டைகளை ஒரே இரவில் லட்சம் வீடுகளில் அடைக்க இதைவிட்டால் வழியில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பராமரிப்புக் கதவு லட்சம் வீடுகளுக்கு ஒன்றாக இருந்தால் அதுவும் பொதுச்சாவிதான். 2016 நவம்பர் கடைசியில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் ரவுட்டர்கள் முடங்கின. மிராயின் ஒரு வகை, பராமரிப்புக்கென்று இருந்த 7547 என்ற வாயிலை உலகெங்கும் தட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பெட்டிகளுக்குள் அது குடியேறவில்லை; தட்டிய தட்டலிலேயே அவை நிலைகுலைந்தன. அதே நிறுவனம் அனுப்பிய புதுப்பிப்புதான் பிறகு அவற்றைச் சரிசெய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தொலைவிலிருந்து பராமரிக்கும் கை வேண்டாம் என்பதல்ல என் வழக்கு. அந்தக் கை வந்ததும் வீட்டுக்காரரின் கையை எடுத்துவிட வேண்டும் என்பது ஏன் என்பதே கேள்வி. இன்றைய பல பெட்டிகளில் காகிதத்தில் இருக்கும் கடவுச்சொல் சில பக்கங்களை மட்டுமே திறக்கிறது. மேல்நிலைக் கணக்கு நிறுவனத்திடம் இருக்கிறது. ஊக்கை நுழைத்து எல்லாவற்றையும் அழித்தாலும், எழுந்தவுடன் பெட்டி நிறுவனத்தின் சேவையகத்திடம் போய் அதன் அமைப்பையே வாங்கி வந்துவிடும். துளை இருக்கிறது, அதன் பாத்தியதை போய்விட்டது.

பெட்டி நிறுவனத்துடையது, வாடகைக்குத்தான் தந்திருக்கிறோம் என்பார்கள். அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகளைப் பற்றி ஏடி அண்ட் டி இதைவிடக் கடுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது: தன் கம்பியில் பிறர் கருவி எதையும் இணைக்கக் கூடாது என்று. கார்ட்டர்ஃபோன் வழக்கில் 1968இல் அந்த நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் அந்தத் தடையைச் செல்லாததாக்கியது. கம்பி நிறுவனத்தின் சொத்தாக இருக்கலாம், கம்பியின் இந்த முனையில் எதை வைப்பது என்பது வீட்டுக்காரர் முடிவு என்ற எண்ணம் அங்கே காலூன்றியது. பெட்டி யாருடையது என்பதைவிட, வேண்டியவர் தன் பெட்டியை வைத்துக்கொள்ள முடிகிறதா என்பதுதான் தீர்மானிக்கும் கேள்வி.

அப்படி வைத்துக்கொள்வதில் உண்மையான தடை எங்கே இருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டு வீடுகளே அறியும். 2005இல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் பரவத் தொடங்கிய பிறகு, மோடத்தை ரீசெட் செய்தவர்கள் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் சுலபமாகப் போய்விட்டார்கள். அங்கே வெறும் கட்டங்கள் நின்றன. விபிஐ, விசிஐ என்ற இரண்டு கட்டங்களில் 0 என்றும் 35 என்றும் போட வேண்டும். பிபிபிஓஇ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு பயனர்பெயர், கடவுச்சொல். முதல் நாள் லைன்மேனோ நிறுவ வந்தவரோ நினைவிலிருந்து தட்டிவிட்டுப் போன அந்த விவரங்கள் பல வீடுகளில் எங்கும் எழுதப்படவில்லை. துளை கதவைத் திறந்துவிட்டது. உள்ளே போனவருக்கு மேலே செய்ய வழி தெரியவில்லை. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 அன்று நடப்புக்கு வந்த சட்டம் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. எந்த ரவுட்டரை வைப்பது என்பதை வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கலாம் என்றதோடு அது நிற்கவில்லை. இணைப்புக்கு வேண்டிய பயனர் விவரங்கள் அனைத்தையும், ஒப்பந்தம் போடும்போதே, அவர் கேட்காமலே, இலவசமாக, எழுத்தில் தந்துவிட வேண்டும் என்று நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டது. ரீசெட் செய்த பெட்டியின் வெறும் கட்டங்களில் நிரப்ப வேண்டியவை எல்லாம் அந்தத் தாளில் இருக்கும்.