ஒரு க்ரோனாவுக்கு ஒரு வீடு

ரியல் எஸ்டேட் புரோக்கர் ஒருவர். பசையுள்ள பார்ட்டி ஒருவர். தீவில் ஒரு பழைய மரவீடு. வீட்டுச் சொந்தக்காரி வயதான அம்மாள். புரோக்கர் கிட்டத்தட்ட முடித்துவிட்டார். வாங்குகிற கனவான் பழைய வீட்டை இடித்துத் தள்ளிவிட்டுப் புதுசாக பங்களா கட்டப் போகிறார். அந்த நேரம் பார்த்து ஒரு பொடியன் நுழைகிறான். வயது ஏழு. கையில் இருப்பது ஒரே ஒரு க்ரோனா. ஸ்வீடன் நாட்டு நாணயம். அதை அந்த அம்மாளிடம் நீட்டுகிறான். வியாபாரம் முடிந்தது!

‘வீ போ சால்ட்க்ரோகன்’ கதை இப்படித்தான் முடிகிறது. சால்ட்க்ரோகன் என்பது தீவின் பெயர். அப்படியே பிரித்தால் ‘உப்புக் காக்கா’ என்று வரும். ‘நாங்கள் உப்புக் காக்காத் தீவுக்காரர்கள்’ என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1964-ல் ஸ்வீடன் டெலிவிஷனில் 13 வாரம் ஓடிய குழந்தைகள் தொடர். அப்போது அங்கே இருந்தது ஒரே சேனல். இரண்டாவது வந்ததே 1969 கடைசியில்தான். ஆக, டி.வி. பெட்டி இருந்த வீட்டில் எல்லாம் இதுதான். கலரில் படம் பிடித்தார்கள். பார்த்த ஜனங்களுக்குக் கிடைத்தது கறுப்பு வெள்ளை.

எழுதியவர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென். ‘பிப்பி’ என்ற முரட்டுச் சிறுமியை 1945-ல் உலகத்துக்குக் கொடுத்தவர். வழக்கமாக முதலில் புத்தகம் வரும், பிறகு அது படமாகும். இங்கே தலைகீழ். டி.வி.க்காகத் திரைக்கதை எழுதினார். அதே வருடம் அதுவே நாவலாக வந்தது. இயக்கியவர் ஒலெ ஹெல்பொம். ஸ்டாக்ஹோமை ஒட்டிய கடலில் சின்னதும் பெரியதுமாகச் சுமார் 30 ஆயிரம் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. பல வெறும் பாறைதான். அதில் நொர்ரேரா என்ற குட்டித் தீவில் ஷூட்டிங். லிண்ட்கிரெனின் சொந்தக் கோடை வீடு இருந்த ஃபூருசுண்ட் பக்கத்திலேயே இருக்கிறது. அவருக்குத் தெரிந்த கடல், தெரிந்த ஜனங்கள்.

கதை ரொம்ப சிம்பிள். மெல்கெர் என்கிற எழுத்தாளர், மனைவியை இழந்தவர், நான்கு பிள்ளைகளோடு கோடை விடுமுறைக்குத் தீவில் வீடு பிடிக்கிறார். கூரை ஒழுகுகிறது. எதிரே மளிகைக் கடை. அந்தக் கடைக்காரர் மகள்தான் ஷொர்வென். குண்டுக் குழந்தை, பெரிய மனுஷி தோரணை. தீவுக்கே தான்தான் ஓனர் என்பது போல நடப்பாள். பின்னாலேயே கன்றுக்குட்டி சைஸில் செயின்ட் பெர்னார்ட் நாய், போட்ஸ்மன். நடித்த மரியா ஜொஹான்ஸன் ஒரே தொடரில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானாள். சினிமாவாகவும் நான்கு வந்தன.

குழந்தைகள் தொடர் என்றதும் தேனும் பாலும் ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். மெல்கெரின் கடைக்குட்டி பெல்லெவுக்கு உயிர் அவனுடைய முயல். ஒருநாள் அது செத்துக் கிடக்கிறது. பழி நாயின் மேல் விழுகிறது. ஆட்டுக்குட்டியையும் அதுதான் கடித்தது என்கிறார்கள். தீவுச் சட்டம் தெளிவானது. ஆட்டைக் கடித்த நாய்க்குத் தோட்டாதான். கடைக்காரர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, மகளின் நாயைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறார். கடைசி நிமிடத்தில் குற்றவாளி நரி என்று தெரிகிறது. நாய் தப்பிக்கிறது. ஆனால் முயல் செத்தது செத்ததுதான், திரும்பி வரவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இதையெல்லாமா காட்டுவது என்று இன்றைக்கு எந்த சேனலிலும் நிச்சயம் கேட்பார்கள். லிண்ட்கிரென் காட்டினார். அவர் மேல் எனக்கு மரியாதை வந்த இடம் இது.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருவோம். அந்தப் புரோக்கர் கற்பனையில் குதித்தவர் இல்லை. தீவு ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்தார்கள், இரண்டு மாடு வைத்திருந்தார்கள். அது கட்டுப்படியாகாமல் பிள்ளைகள் ஒவ்வொருவராக நகரத்துக்குக் கிளம்பினார்கள். எதிர்த்திசையில் நகரத்துக்காரர் படகேறினார். சம்பளத்தோடு லீவு 1938-ல் இரண்டு வாரம், 1951-ல் மூன்று, 1963-ல் நான்கு என்று சட்டம் நீட்டிக்கொண்டே போனது. கையில் காசு, கையில் லீவு. பிறகென்ன? கடலோரம் ஒரு வீடு! கரை முழுக்கத் தனியார் வேலியாகிவிடும் என்று பயந்து, 1959-லேயே ஸ்டாக்ஹோமில் தீவுகளைப் பொதுமக்களுக்காகக் காப்பாற்ற ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். தொடர் வருவதற்கு ஐந்து வருடம் முன்பு.

வாங்குகிறவர் வாங்கட்டும், தீவுக்காரர் விற்காமல் உட்கார்ந்தால் போச்சு என்பீர்கள். அங்கேதான் கணக்கு இடிக்கிறது. காமர்ஸ் படித்தவன் புத்தி, கணக்குக்குள் போகாமல் இருக்க முடியவில்லை. வீட்டு வரி, வீட்டின் மதிப்பை வைத்து. மதிப்பு, அக்கம்பக்கத்தில் என்ன விலைக்குப் போனது என்பதை வைத்து. 90-களில் வரி ஒன்றரை சதவீதத்தை ஒட்டி. பக்கத்து வீட்டை ஸ்டாக்ஹோம் டாக்டர் ஒருவர் கொள்ளை விலைக்கு வாங்கினால், உங்கள் வீட்டு மதிப்பும் எகிறும். நீங்கள் பிடிக்கிற மீனின் விலை எகிறாது. தாத்தா கட்டிய வீட்டில் சும்மா குடியிருப்பதற்கே வருடா வருடம் செலவு கூடும். இடிக்கப்போகிற பங்களாக்காரரை விரட்டிவிடலாம். வரி நோட்டீஸை விரட்ட முடியுமா?

வரியைப் பற்றி லிண்ட்கிரெனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1976-ல் அவருடைய கூடுதல் வருமானத்துக்கு 102 சதவீதம் வரி வந்தது. எழுத்துப்பிழை இல்லை ஐயா, நூற்றி இரண்டு! 100 சம்பாதித்தால் 102 கட்ட வேண்டும். அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. மார்ச் மாதம் ‘எக்ஸ்பிரஸன்’ பத்திரிகையில் ‘பொம்பெரிபோஸா’ என்று ஒரு தேவதைக் கதை எழுதினார். கதை விடத் தெரிந்த அளவு கணக்குத் தெரியவில்லை என்கிற ரீதியில் நிதியமைச்சர் குன்னர் ஸ்ட்ரெங் கிண்டலடித்தார். அப்படியானால் நாம் வேலையை மாற்றிக்கொள்ளலாமே என்றார் பாட்டி. கணக்கு அவர் பக்கம்தான் சரியாக இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அவர் ஆயுசுக்கும் ஆளுங்கட்சியான சோஷியல் டெமாக்ரட் ஆதரவாளர். அந்த செப்டம்பரில் 40 வருடத்துக்கு மேல் ஆண்ட கட்சி தோற்றது. அணுமின்சாரச் சண்டை உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் ஜனங்கள் ஞாபகம் வைத்திருப்பது பொம்பெரிபோஸாவை.

தீவுக்காரர் வீட்டு வரிக்கு விடிவு வர இன்னும் 32 வருடம் பிடித்தது. 2008-ல் அந்த வரியை எடுத்துவிட்டு, உச்சவரம்பு வைத்த ஒரு கட்டணம் கொண்டுவந்தார்கள். வீடு எத்தனை கோடி பெற்றாலும் அப்போது வருடத்துக்கு 6,000 க்ரோனாவுக்கு மேல் இல்லை. லிண்ட்கிரென் இறந்தது 2002-ல். அந்தச் சட்டத்தை அவர் பார்க்கவில்லை. அதற்குள் தீவுக்காரர்கள் பலர் விற்றுவிட்டுக் கரையேறியிருந்தார்கள். நொர்ரேராவுக்கு மட்டும் கோடை வந்தால் இன்றைக்கும் படகில் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். ஷொர்வென் வீடு எது என்று தேடிக்கொண்டு.